புது பேட்டரி போட்டும் கார் மக்கர் பண்ணுதா? 'டைனமோ'வைப் பாருங்க!

மதுரை - திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் சமயநல்லூரைத் தாண்டும்போது ஹெட்லைட் மங்கி, ஹாரன் சத்தம் குறைந்து, கடைசியில் இன்ஜினும் அணைந்து கார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிடைக்கும் யோசனை, 'பேட்டரி போயிடுச்சு, புதுசு போடுங்க' என்பதுதான். சில ஆயிரம் கொடுத்துப் புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிடும். ஓரிரு நாளில் மறுபடியும் அதே கதை நடந்தால், பழுது பேட்டரியில் இல்லை. அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில்!

சமயநல்லூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பெரிய பெரிய இன்ஜின்களைச் சுழலவிட்டு மின்சாரம் எடுப்பதற்காகத் தனியார் மின்நிலையம் அமைந்த ஊர் அது. பானட்டுக்குள் அதன் குட்டி வடிவம்தான் ஆல்டர்னேட்டர். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வழியாக இதுவும் சுற்றி, மின்சாரம் தயாரிக்கிறது. பழைய கார்களில் அந்த இடத்தில் டைனமோ இருந்தது. அது போய்ப் பல காலம் ஆகியும், நம்மூர் மெக்கானிக்குகள் பலருக்கு இது இன்னமும் 'டைனமோ'தான். இதைத் தயாரிக்கும் லூகாஸ் டி.வி.எஸ் நிறுவனத்துக்கும் மதுரைக்கும் தொடர்பு உண்டு. 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்த டி.வி.எஸ் குழுமம், இங்கிலாந்தின் லூகாஸுடன் கைகோத்து 1961-ல் தொடங்கியது அது.

பழுதைக் கண்டுபிடிக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ஸ்டார்ட் செய்தபின் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட், ஏ.சி எல்லாவற்றையும் போட்டாலும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து வீணாகும். (சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். ஹைபிரிட் கார்களில் கைவைக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.)

சார்ஜ் ஆகவில்லை என்றதும் புது ஆல்டர்னேட்டர் வாங்க ஓடாதீர்கள். பெல்ட் தொய்ந்திருக்கலாம், 'கீச்' சத்தம் காட்டிக்கொடுக்கும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் சார்ஜ் சரியாக ஏறாது. இவை இரண்டும் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் கார்பன் பிரஷ் மீது. தேய்ந்துபோகும் பொருள் அது. பல மாடல்களில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே செட்டாகப் பின்பக்கம் இருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் அதை மட்டும் மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். 'கொர்' என்று சத்தம் வந்தால் பேரிங். காயில் எரிந்துபோயிருந்தால்தான் செலவு எகிறும். அப்போதும் பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்ததை வாங்கலாம். ஆம்பியர், ப்ளக், புல்லியில் உள்ள பள்ளங்களின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். பில்லும் வாரன்ட்டியும் கேட்டு வாங்குங்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி 'செக்' பண்ணும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்து வித்தை அது! இப்போதைய கார்களில் வோல்ட்டேஜ் திடீரென எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் காரின் கம்ப்யூட்டரையும் காலி செய்துவிடும். யாராவது அப்படி ஆரம்பித்தால், கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள்.

ஓடும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், வெப்பமானியையும் பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. சூடு ஏறினால் உடனே ஓரங்கட்டுங்கள். ஏறாவிட்டால் ஏ.சி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் அருகிலுள்ள பட்டறைக்குப் போய்விடலாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஹெட்லைட்டுகள் மட்டுமே சுமார் 10 ஆம்பியரை இழுக்கும். பகல் என்றால் சமயநல்லூரிலிருந்து மதுரைக்கோ வாடிப்பட்டிக்கோ போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். ராத்திரியில், குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டுக்கல் வரை ஓட்டிப்பார்க்க வேண்டாம்.