ஃப்ரீ டிக்கெட்ல சிங்கப்பூர் ட்ரிப்: 'குருவி' கணக்கு தெரியுமா?

ராயபுரத்துல ரயில் ஏறினா அடுத்தது பீச் ஸ்டேஷன். வெளியே வந்தா பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடை போட்ட இடம். வெளிநாட்டுச் சரக்கைப் பையில் கொண்டுவந்து கொடுப்பவருக்கு நம்ம ஊர்ப் பெயர் 'குருவி'.

இப்போ ஆபீஸ் போற பசங்களையும் கேட்கிறாங்க: "ஒரு ட்ரிப் போய்ட்டு வா, ஒரு மாச இஎம்ஐ கட்டிடலாம்."

கணக்குப் போடுவோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15%-லிருந்து 6% ஆனது. அந்த 6% கணக்குல ஒரு கோடி ரூபாய் தங்கத்துக்கே 6 லட்சம் வரி. அது மிச்சமாவது சரக்குக்காரருக்கு. உங்களுக்கு டிக்கெட்டும் கைச்செலவும்தான். மாட்டினா? 1962 சுங்கச் சட்டப்படி 7 வருஷம் வரை ஜெயில். பாஸ்போர்ட்ல இருக்கிறது உங்க பேர், பாஸ்! சரக்குக்காரர் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது.

தங்கத்தை டிக்ளேர் பண்ணி எப்படிக் கொண்டுவரலாம்னு வீடியோல பேசியிருக்கேன்.