சுளுக்கா, வீக்கமா? முதலில் குளிர்ச்சி, சூடு அப்புறம்!



நடவு வேலைக்குப் போன நம் உறுப்பினர் ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி, கொஞ்ச நேரத்திலேயே வீங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ணெய் போட்டு அழுத்தி நீவினார்கள். மறுநாள் காலையில் வீக்கம் இரண்டு மடங்கு. ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பில் கீறல் இருப்பது தெரிந்தது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கூலி போச்சு. குழுக் கடனுக்குத் தவணையும் நின்றுபோனது.

"வெறும் சுளுக்குதானேன்னு விட்டுட்டேன் மேடம்" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது எங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

வீக்கம் ஏன் வருகிறது?

கால் பிசகும்போது எலும்போடு எலும்பை இணைக்கும் நார் இழுபட்டு, சில இழைகள் அறுந்து போகும். அங்குள்ள சிறு ரத்தக் குழாய்களும் கிழிந்து ரத்தமும் நீரும் கசியும். அதுதான் வீக்கம். சூடு வைத்தால் ரத்தக் குழாய் விரிந்து கசிவு கூடும். நீவினால் அறுந்த இழை இன்னும் அறுபடும். குளிர்ச்சி ரத்தக் குழாயைச் சுருக்கும், வலியை மரக்க வைக்கும். ஐஸ் புண்ணை ஆற்றிவிடாது. வலியைக் குறைக்கும், வீக்கம் ஏறாமல் இருக்கக் கொஞ்சம் உதவும்.

என்ன செய்ய வேண்டும்?

* வேலையை உடனே நிறுத்துங்கள். வலியோடு நடக்க வேண்டாம். கொலுசு, மெட்டி இருந்தால் வீக்கம் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.
* ஐஸ் கட்டியை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகிவிடும்.
* ஒரு தடவைக்கு 15 நிமிடம். 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதல் 2, 3 நாள் வரை வைக்கலாம். ஐஸ் வைத்தபடி தூங்கக் கூடாது.
* கிரேப் பேண்டேஜ் இருந்தால் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.
* படுத்து, காலடியில் தலையணை அல்லது மடித்த சேலைகளை வைத்து, காலை நெஞ்சைவிட உயரமாக வையுங்கள்.

வீக்கம் வடிந்த பிறகு, விறைப்பு இருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். வலி குறையக் குறைய காலை மெல்ல அசைத்துப் பழகுங்கள்.

"எங்க வீட்ல ஃபிரிட்ஜ் ஏது மேடம்?"

நியாயமான கேள்விதான். பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து போட்டு, சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். மீன்காரரிடம் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கலாம். அதை பாலிதீன் பையில் கட்டி, துணி சுற்றி, தோல் கிழியாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

யாருக்கு, எதற்கு ஐஸ் கூடாது?

* சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் ஐஸ் வேண்டாம். சுடுவதும் உறைவதும் அவர்களுக்குத் தெரியாது.
* பாம்புக்கடி வீக்கத்துக்கு ஐஸ் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.
* தீக்காயத்துக்கும் ஐஸ் கூடாது. சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள்.
* தடுப்பூசி போட்ட குழந்தையின் தொடை வீங்கினால் குளிர்ந்த ஈரத் துணி போதும். தேய்க்க வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

நாலு எட்டு வைக்க முடியாவிட்டால், கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தால், கால் கோணியிருந்தால், விரல் மரத்தால், அன்றே போய் எக்ஸ்ரே எடுங்கள். அடிபடாமலேயே ஒரு கால் மட்டும் வீங்கினாலும், காய்ச்சலோடு வீங்கிச் சிவந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அது ஐஸ் வைக்கும் வீக்கமல்ல. ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு நாள் கூலி போகுமே என்று பார்த்தால் ஆறு வாரக் கூலி போய்விடும் சகோதரிகளே! அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். குழுவுக்குப் பொதுவாக ஒரு கிரேப் பேண்டேஜ் வாங்கி வையுங்கள். தெருவில் யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு மாதிரிதான் இதுவும். முன்கூட்டியே இருந்தால்தான் ஆபத்துக்கு உதவும்.