ஊசியை நிறுத்தியாச்சு... விசேஷம் எப்போ?

கருத்தடை மாத்திரை, ஊசி: பழி ஒரு பக்கம், அவசரம் மறுபக்கம்

கும்பகோணம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண். வயது 27. தனியார் பள்ளியில் வேலை. முதல் குழந்தை எல்.கே.ஜி. போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டாவது குழந்தைக்காக அதை நிறுத்தினார். கடைசி ஊசி போட்டு ஆறு மாதமாகியும் மாதவிலக்கு சீராக வரவில்லை. மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டார்: "அந்த ஊசியப் போட்டுப் போட்டே கர்ப்பப்பை வறண்டு போச்சு." குழந்தை வரம் வேண்டித் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்தாயிற்று. ஏழாவது மாதம், கருத்தரிப்பு மையத்தின் வாசற்படியையும் மிதித்தாயிற்று.

"உங்க வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு என்னக்கா, அதான் ஏற்கெனவே ஒண்ணு பிறந்திருக்கே!"

அந்தக் குழந்தையைப் பெற்றவர் இவர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஊசியின் கணக்கு வேறு

'அந்தரா' என்ற பெயரில் 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் இந்த ஊசி, கருத்தடை முறைகளிலேயே மெதுவாக விலகுவது. தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மருந்து அது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்பது பாதுகாப்புக்கான கணக்கு. உடம்பை விட்டு மருந்து முழுதாக இறங்குவதற்கு அதற்கு மேலும் நாளாகும். கடைசி ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணினால், கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது. சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். தாமதம் உண்மை, மலடாக்கும் என்பது பொய். முதல் ஊசி போடும் அன்றே இதைச் சொல்லியிருந்தால் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மாத்திரையின் கதையே வேறு. தினம் ஒன்று விழுங்கும் மாத்திரை, கருமுட்டை வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறது. நிறுத்திய சில நாட்களிலேயே உடம்பிலிருந்து போய்விடும். பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் முட்டை வெளியேறத் தொடங்கிவிடும். மாத்திரையை நிறுத்திய ஐரோப்பியப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. முதல் சுழற்சியிலேயே ஐந்தில் ஒருவர் கருவுற்றார். ஓராண்டுக்குள் 79 சதவீதம் பேர். மாத்திரையே தொடாதவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் போன்றவற்றையும் எடுத்த பிறகு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை.

பிறகு ஏன் மாத்திரைமேல் பழி? 'மாலா-என்' அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. இரும்புச்சத்து வாரத்தில் கடிகாரம்போல உதிரப்போக்கு வரும். அது மருந்து நின்றதால் வருவது, இயல்பான மாதவிலக்கு அல்ல. கல்யாணத்துக்கு முன்பே பி.சி.ஓ.டி. என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னையால் தேதி தப்பிக்கொண்டிருந்தவருக்கு, மாத்திரை போட்ட வருடங்களில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். நிறுத்தியதும் பழைய கோளாறு தலைகாட்டும். பழியோ, அதை மூடி வைத்திருந்த மாத்திரைமேல்!

இன்னொன்று, வயது. 25-ல் தொடங்கி 33-ல் நிறுத்துகிறவரின் உடம்பில் எட்டு வருடம் கூடியிருக்கிறது. மாத்திரை முட்டையைத் தடுத்ததே தவிர, வயதைத் தடுக்கவில்லை. திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் 'தள்ளிப்போட' நாலு நாள் போட்ட மாத்திரையால் குழந்தை பிறக்காமல் போகுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தேவையற்ற பயம்.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தற்காலிக முறையைப் பயன்படுத்தி, நிறுத்தி, மறுபடி பெற்றவர்கள் அக்கம்பக்கத்தில் குறைவு. அனுபவம் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திதான் பேசும்.

மூன்றே மாதத்தில் வாசற்படி

எனக்குப் பெரிய கவலை மாத்திரையும் ஊசியும் அல்ல, அவசரம். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்ற பேச்சே மருத்துவத்தில் வரும். நம் வீடுகளில் மூன்றாவது மாதமே வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் குண்டுக் குழந்தை சிரிக்கும் கருத்தரிப்பு மைய போர்டு; பக்கத்திலேயே 'பேக்கேஜ்' விலை.

அங்கே முதலில் நீட்டப்படுவதில் ஒன்று, முட்டை இருப்பைக் கணிக்கும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை. மாத்திரை போடும் காலத்திலும் நிறுத்திய சில மாதங்களிலும் இந்த அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டும். அது போகட்டும். குழந்தையின்மைப் பிரச்னை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து, 2017-ல் வெளியான ஆய்வில், அளவு குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருவுற்றார்கள். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்) சிகிச்சைக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவும் எண் அது. அதைக் காட்டி 'முட்டை தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னால் எந்தப் பெண்தான் நகையை அடகு வைக்க மாட்டாள்?

சிகிச்சை தள்ளிப்போனால் வாய்ப்பும் நழுவும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. 35-ஐத் தாண்டியவர்கள், மாதவிலக்கே வராதவர்கள், காசநோய் வந்தவர்கள் விஷயத்தில் அது சரி. முப்பத்தைந்துக்கு மேல் ஆறு மாதம் போதும். மற்றவர்களை அந்த வரிசையில் நிறுத்துவதுதான் தவறு.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

மாத்திரையை நிறுத்திய கையோடு முயலலாம். உடம்பு 'சுத்தமாக' மூன்று மாதம் விட வேண்டியதில்லை. கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை; குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க அது உதவும். தைராய்டு, சர்க்கரை அளவுகளைப் பார்த்துவிடலாம். மாதத்தில் கரு தங்கும் நாட்கள் ஆறுதான்: முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். ஊசி போட்டவர்கள் கடைசி ஊசியின் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்குப் பத்து மாதம் தள்ளி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாம். அதை மாமியார் கண்ணில் படும்படி மாட்டுவது நல்லது.

டெஸ்ட் என்று இறங்கினால் கணவரும் சேர்ந்தே இறங்க வேண்டும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், செலவும் குறைவு.

கும்பகோணத்துப் பெண்ணுக்குக் கடைசி ஊசி போட்டு இது எட்டாவது மாதம். பத்து மாதக் கணக்கே இன்னும் முடியவில்லை. அவருக்கு இதுவரை ஐந்து டெஸ்ட் எடுத்தாகிவிட்டது. கணவருக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை.