இருங்காட்டுக்கோட்டை பிட்டுக்குள் ஒரு எட்டு!

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கார் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். அதே பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கி.மீ. நீளத்துக்கு 12 வளைவுகளோடு ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது தெரியுமா? சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. 1990-லிருந்து இங்கே டயர் தேய்கிறது.

ரேஸ் அன்று பிட் பக்கம் எட்டிப் பாருங்கள், அடேயப்பா! பெட்ரோல் வாசனை, ஸ்பேனர் சத்தம், ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். ஃபார்முலா எல்ஜிபி காரின் முதுகில் உட்கார்ந்திருப்பது என்ன என்கிறீர்கள்? மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின்! குரோம்பேட்டை சிக்னலில் நம் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்குமே, அதே வகையறா. ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் டிரைவர் உள்ளே இறங்குகிறார். காலை நீட்டிப் பாதி படுத்த மாதிரி உட்கார்ந்ததும் மெக்கானிக் பெல்ட்டை இழுக்கிறார் பாருங்கள் ஒரு இழுப்பு, பார்க்கிற நமக்கே மூச்சு முட்டுகிறது! பிறகு ஸ்டீயரிங் 'க்ளிக்'. தீத்தாங்கும் உள்ளுடுப்பு, அதன்மேல் ஓவரால், முகமூடி, ஹெல்மெட், கையுறை. இத்தனைக்கும் மேலே நம்மூர் வெயில்.

இப்படித்தான் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயனும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். முதல் ரேஸிலேயே போடியம்! அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் ஏழு முறை ஜெயித்தவர். ரத்தத்திலேயே வேகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் என்னை மலைக்க வைப்பது வேகம் இல்லை, அவர் காத்திருந்த காத்திருப்பு.

1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். ஃபார்முலா 1-ல் ரேஸ் சீட் கிடைத்ததோ 2005-ல், ஜோர்டான் அணியில்! நடுவே இங்கிலாந்து, ஜப்பான், ஐரோப்பா என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஓட்டினார். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் வந்தது. அந்த ஒரே சீசனோடு சீட் போனது. அடுத்த இரண்டு வருஷம் வில்லியம்ஸ் அணியில் டெஸ்ட் டிரைவர். வாரமெல்லாம் காருக்காக உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே காரை இன்னொருவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை அது. அதையும் செய்தார். கிடைத்த இடைவெளியில் 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் ஏ1 ஜிபி பந்தயத்தை இந்திய அணிக்காக ஜெயித்தார். 2011-ல் எச்ஆர்டி அணியில் மறுபடி ஃபார்முலா 1. அந்த அக்டோபரில், இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீயில், சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால் ஓட்டினார்.

2005 இண்டியனாபொலிஸில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் ஒதுங்க, ஆறே கார்கள் ஓடிய ரேஸில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்ததை அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த ஆறில் ஒருவராக கிரிட்டில் நிற்க அவருக்கு எத்தனை வருஷம் ஆனது! 2019 நவம்பரில், 42 வயதில், ஜப்பானின் ஃபூஜியில் சூப்பர் ஜிடி, டிடிஎம் கார்கள் சேர்ந்து ஓடிய ரேஸையும் ஜெயித்தாரே, அதற்கு யார் அதிர்ஷ்டம் என்பார்கள்?

நடிகர் அஜித்தைச் சொல்லாமல் எப்படி! குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் 'தக்ஷா' ட்ரோன் அணிக்கு ஆலோசகராக இருந்தவர், 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது கார் மோதிய பிறகும் ஊர் திரும்பவில்லை. அவருடைய அணி 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அப்போது அவருக்கு 53 வயது.

அடுத்த ரேஸ் வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். காதுக்குப் பஞ்சும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவரைப் பார்த்துக் கைதட்டியதும், கடைசியாக வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுகிற இடத்துக்கும் போய் அவருக்கும் பலமாகத் தட்டுங்கள்!