டிராக்டருக்குப் பின்னால் போகும் கை

போன மழைக்காலத்தில் ஒரு நாள். பெரட்டு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் வந்தான்.

"என்ன தம்பி?" என்றேன்.

"வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சு, டிரெஸரய்யா."

துண்டை அவிழ்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கி, நகம் பெயர்ந்து, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. காயத்தைச் சுற்றிக் கறுப்பு கிரீஸ். எந்த ஊரில் ஐயா வீட்டுக் கதவுக்கு இவ்வளவு கிரீஸ் போடுகிறார்கள்?

பையன் டிராக்டர் வேலைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்கு முன்பு செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தவன். அன்று புல் வெட்டும் சிலேஷரை டிராக்டரில் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டையும் ஓட்டையும் நேராக நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறான். மேலே உட்கார்ந்திருந்தவர், "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே லிவரைத் தொட்டுவிட்டார். அவ்வளவுதான்.

தோழர்களே, எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் அது எங்கே எப்படிக் கடிக்கும் என்பதைக் காயம் கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டிருக்கிறேன். இதை எழுதுவதற்காக மூத்த டிரைவர் ஒருவரையும் பட்டறை ஃபிட்டர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டேன். பழையவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. புதுப் பையன்களுக்காக எழுதுகிறேன்.

டிராக்டரின் பின்னால் மூன்று கைகள் உண்டு. கீழே இரண்டு, மேலே ஒன்று. ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் வகுத்த முறை இது. 1936-ல் அவர் டிராக்டரோடு சந்தைக்கு வந்தது, இன்று எல்லாக் கம்பெனி வண்டியிலும் இருக்கிறது. கீழ்க்கை இரண்டையும் ஹைட்ராலிக் தூக்கும், இறக்கும். மேல்கை சாய்வைச் சரிபண்ணும்.

மாட்டும் சாமான் சமதரையில், கட்டையோ காலோ கொடுத்து ஆடாமல் நிற்க வேண்டும். சரிவில் வைத்து மாட்டவே கூடாது. டிரைவர் சின்ன கியரில் மெதுவாகப் பின்னால் வருவார். அந்த நேரத்தில் டிராக்டருக்கும் சாமானுக்கும் நடுவில் எவனும் நிற்கக் கூடாது. சைகை காட்டுகிறவன் பக்கவாட்டில், டிரைவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கட்டும். கிளட்சில் இருக்கும் கால் ஒரு தடவை வழுக்கினால் போதும், நடுவில் நிற்பவனின் நெஞ்செலும்பு நொறுங்கும். விரலுக்காவது நான் மருந்து போடலாம். நெஞ்சுக்கு என்ன செய்ய?

வண்டி நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், எஞ்சின் நிறுத்தம். சாவி டிரைவர் சட்டைப் பையில். அப்புறம்தான் உள்ளே கை போக வேண்டும். முதலில் இடது கீழ்க்கை, பிறகு வலது கீழ்க்கை, கடைசியில் மேல்கை. ஏன் இந்த வரிசை? பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கத்துத் தூக்குக் கம்பியைத் திருகி ஏற்றி இறக்கலாம். ஆகவே இடதை முதலில் மாட்டிவிட்டால், வலதைச் சாமானின் உயரத்துக்குக் கொண்டு வருவது சுலபம். கழற்றும்போது தலைகீழ்: மேல்கை, வலது, இடது.

ஓட்டை நேராக இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை விட்டு நெம்புங்கள். விரலை விடாதீர்கள். கீழே நின்றபடி கையை நீட்டி ஹைட்ராலிக் லிவரை இழுக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கிறது. சக்கரத்துக்கும் கைக்கும் நடுவில் தன் உடம்பையே கொடுத்துவிட்டு லிவரை இழுப்பது என்ன புத்திசாலித்தனமோ! பின் போட்டதும் கிளிப்பும் போட வேண்டும். கிளிப் தொலைந்துவிட்டது என்று ஆணியை வளைத்து விடுகிறவர்கள் ஸ்டோரில் போய்ப் புதுசு கேளுங்கள். ட்ரெய்லராக இருந்தால் கீழே உள்ள இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். மேல்கை மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, டிரைவர் மேலேயே கவிழும்.

இனி பி.டி.ஓ. தண்டு. சிலேஷரையும் உரம் வீசும் எந்திரத்தையும் சுற்ற வைப்பது இதுதான். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 9 சுற்று. மூன்று அங்குலப் பருமனுள்ள தண்டு ஒரே நொடியில் ஏழு அடித் துணியைச் சுருட்டிவிடும். "ஐயோ" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் தோள் வரைக்கும் போய்விடும். உரம் போடும் அக்கா தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். தலையில் கட்டிய துணியின் முனை, தொங்கும் சடை, மழைக்கோட்டின் கயிறு, எதுவும் போதும் அதற்கு. மூட்டையைக் கொட்டும்போது தண்டு நிற்க வேண்டும். தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு அந்தச் சாமான் வேலைக்குப் போகக் கூடாது. தண்டை மாட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், பூட்டு விழுந்திருந்தால் வராது.

நான் பயப்படுகிற இன்னொரு காயம் உண்டு. பார்த்தால் காயம் மாதிரியே இருக்காது. ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்து எண்ணெய் பீய்ச்சும். எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவுவார்கள். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கிரீஸ் கன்னிலும் இது நடக்கும். வெளியே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான். முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். என் டிஸ்பென்சரியில் இதற்கு மருந்து கிடையாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றவர்கள் விரலை இழக்க நேரிடும். ஒழுக்கைப் பார்க்க எஞ்சினை நிறுத்துங்கள், ஒரு அட்டைத் துண்டால் பாருங்கள்.

விரல் நசுங்கிவிட்டால் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கின பிறகு வராது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், புகையிலை, எஞ்சின் எண்ணெய் எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் உங்களுக்கு உயிர் போகிறது, எனக்கும் நேரம் போகிறது. விரல் துண்டாகிவிட்டால் துண்டைத் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் பட்டால் அது கெட்டுப்போகும். மண்ணும் கிரீஸும் பட்ட காயம் என்பதால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பேன், யோசித்துச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் ஏன் கதவு என்று பொய் சொன்னான்? "வேலையில அடிபட்டதுன்னு சொன்னா பெரிய விசாரணை வரும், உன்ன டிராக்டர்லேர்ந்து எடுத்துடுவாங்க" என்று மேலே உள்ளவர் ஒருவர் காதில் ஓதியிருக்கிறார். நான் மருந்து கட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

"தம்பி, நீ கதவுன்னு சொன்னா நான் கதவுன்னுதான் புத்தகத்துல எழுதணும். அப்புறம் இது வேலையில பட்ட காயம்னு யாரு நம்புவா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொன்னபடியே எழுதினேன்.

வேலையில் பட்ட காயத்தை, தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால், கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப்படியாகக் கிடைக்கும். விரல் குறையாகிப்போனால் நிரந்தர ஊனத்துக்குத் தனியாக மனுச் செய்யலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு, ஆகவே கூட வேலை செய்கிற வங்காளதேசத் தம்பியிடமும் சொல்லிவையுங்கள். அடிபட்ட நேரம், இடம், எந்தச் சாமான், பக்கத்தில் இருந்தவர் பெயர், இவற்றை அன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.