மேப்பிள் வளராத ஊரில் தொட்டி ஆலமரம்



ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் நிறைய. அதனால் நம்ம பசங்க பல பேர் வீட்டில் ஜப்பான் காலண்டர் தொங்கும். அதில் ஒரு மாதத்துக்காவது செக்கச்செவேல் என்று ஒரு மரம் இருக்கும். அதுதான் ஜப்பானிய மேப்பிள். விரல் விரித்த கை மாதிரி இலை. அங்கே அதைத் தொட்டியிலேயே வளர்க்கிறார்கள். "நம்ம மாடியில வருமாடா?" என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

வராது. வெயில் மட்டும் காரணம் இல்லை. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு அந்த மரம் தூங்கணும். அதற்குப் பல வாரம் கடுங்குளிர் வேண்டும். நமக்கு மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்குப் பக்கம்தான். தூக்கம் இல்லாத மரம் சோர்ந்துவிடும். அப்புறம் மே மாதம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. மேப்பிள் இலையோ மெல்லிசு, அனல் காற்று பட்டாலே ஓரம் கருகும். (ஆன்லைனில் நீல மேப்பிள் விதை என்று விற்கிறார்கள். நீல இலை மேப்பிள் உலகத்திலேயே கிடையாது. ஏமாறாதீங்க!)

ஆனால் அதை வளர்க்கும் முறை நமக்கும் உதவும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆலமரம் இருக்கிறது. எங்க ஊர் ஏரிக்கரை ஆலமரத்தை ரோடு போட வெட்டிவிட்டார்கள். பக்கத்துக் கிணற்றுச் சுவர் வெடிப்பில் ஒரு கன்று இருந்தது. பறவை எச்சத்தில் விழுந்த விதை. "அந்த மரத்தோட புள்ளதான் இது" என்று ஆயா அதை வேரோடு எடுத்து வந்தார். இப்போது நாங்கள் இருப்பது வாடகை வீடு. தரையில் நட இடமில்லை, நட்டாலும் வேர் சுவரைப் பிளந்துவிடும். ஆகவே தொட்டிதான். அது பட்டுப்போனால் எங்களிடம் வேறு கன்று இல்லை.

தொட்டிச் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் தேங்கித்தான் அதிகம் சாகிறது. வேருக்கும் காற்று வேண்டும். அடியில் ஜல்லி கொட்டினால் தண்ணீர் வடியும் என்பார்கள். நிஜத்தில் மண்ணும் ஜல்லியும் சேரும் இடத்துக்கு மேலேயே ஈரம் நின்றுவிடும். ஓட்டையை மறைக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். மண்ணையே பொலபொலப்பாக்கணும். செம்மண், மக்கிய எரு, பொடித்த செங்கல் மூன்றையும் கலந்தோம். எம்-சாண்ட் தூள் மட்டும் வேண்டாம், இறுகிவிடும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டியும் வேண்டாம், வேர் குடிக்காத தண்ணீர் அப்படியே நிற்கும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஒரு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு வரும்.

போர் தண்ணீரில் உப்பு இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மழையில் வைத்தால் உப்பு கழுவிப் போகும். லாரி புழுதி படிந்த இலையையும் துடைக்கணும், வெளிச்சம் படாமல் இலை எப்படிச் சமைக்கும்? கான்கிரீட் மாடியில் தொட்டி கொதிக்கும். கீழே இரண்டு செங்கல், சுற்றி ஈரச் சாக்கு. மேப்பிளுக்கு மதியம் நிழல் வேண்டும், ஆலுக்கு வெயில்தான் பிடிக்கும்.

முக்கியமானது வேர் வெட்டு. இரண்டு மூன்று வருடத்தில் வேர் தொட்டிக்குள் சுருண்டு நிறைந்துவிடும். வெளியே எடுத்து, மூன்றில் ஒரு பங்கை நறுக்கி, புது மண் போட்டு அதே தொட்டியில் வைக்கணும். மேப்பிளுக்குத் துளிர் விடும் முன்பு செய்வார்கள். ஆலுக்கு மழை தொடங்கும் ஆடிதான் சரி. "பாவம்டா, வேரையா வெட்டுவாங்க?" என்று ஆயா முதலில் கத்தினார். இரண்டே வாரத்தில் புதுத் துளிர் வந்ததும் அவரே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்!

போன்சாய் என்ற ஜப்பான் சொல்லுக்கே தட்டில் நட்டது என்றுதான் அர்த்தம்.

இந்த ஆடியில் கிளையும் கொஞ்சம் வெட்டுவோம். ஆலங்கிளை நட்டாலே வேர் பிடிக்கும். வேண்டியவர்கள் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாவோடு எங்கள் வகுப்புக்கு வாருங்கள். முதலில் வரும் ஐந்து பேருக்குத்தான்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்