படத்தை வலம்வரும் எழுத்து

விழாக்காலங்களிற் கல்லூரி மண்டபத்திலே வெண்டிரை கட்டி, அதன்கட் கல்லூரி இலச்சினையைத் தோற்றுவித்து, அவ்விலச்சினையைச் சூழக் கல்லூரியின் பெயரும் விழாவின் பெயரும் சுழன்று வருமாறு காட்டுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களும் அக்காட்சியைத் தத்தம் கைபேசிகளிற் கண்டு மகிழ்கின்றனர். அஃது எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதையும், அதனால் தமிழெழுத்துக்கு நேருங் கேடொன்றையும், அக்கேட்டினை நீக்கும் வழியையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

உருவொன்றைச் சூழ எழுத்தமைத்தல் புதிய கலையன்று. நாணயங்களில் அரசர் தலையைச் சூழ அவர் பெயர் நிற்றலை யாவரும் கண்டுள்ளோம். பாடசாலை இலச்சினைகள் பலவற்றிலும் குறிக்கோள் வாசகம் வட்டமாகவே ஓடும். ஆங்கு எழுத்து நிற்கும்; காண்போன் கண்ணே சுற்றிவரும். கண் நிற்க எழுத்துச் சுற்றுதலே புதுமை. திரைப்படம் பார்க்கும் பழக்கமுடையோர்க்கு யூனிவர்சல் நிறுவனத்தின் உலகவுருண்டை நினைவுக்கு வரும். 1912 இல் அமெரிக்காவிலே தொடங்கிய அந்நிறுவனம், தன் நூற்றாண்டு நிறைந்த 2012 இல், அவ்வுருண்டையையும் அதனைச் சூழ்ந்து வந்து முன்னே நிற்கும் பெயரையும் புதுக்கி அமைத்தது. அஃதும் ஒரு விழாக்கால முயற்சியே.

இத்தொழிலுக்குரிய மென்பொருள்கள் பலவுள. அவற்றுட் பெரிதும் பயில்வது அடோபி நிறுவனத்தின் ஆப்டர் எபெக்ட்ஸ் என்பது. 1993 இல் வேறொரு சிறு நிறுவனத்தினர் வெளியிட்ட அது மறு ஆண்டில் அடோபியின் கைக்கு வந்தது. அதன்கண் எழுத்தைச் சுழற்ற இருவழியுண்டு.

முதல்வழி கோட்டுவழி. சொல்லைத் தட்டெழுதி, அதன்மேல் வட்டமொன்று வரைந்து, ‘பாத் ஆப்ஷன்ஸ்’ என்னும் பகுதியில் அவ்வட்டத்தைத் தெரிந்தால், எழுத்துக்கள் கொடியிற் காயவிட்ட துணிபோல ஒவ்வொன்றாகக் கோட்டைப் பற்றி நிற்கும். பின்னர் ‘பர்ஸ்ட் மார்ஜின்’ என்னும் அளவைத் தொடக்கத்தில் ஒன்றாகவும் முடிவில் வேறொன்றாகவும் குறித்துவிட்டால், இடைப்பட்ட நிலைகளையெல்லாம் கணினி தானே கணக்கிட்டு எழுத்தை நகர்த்தும். எளிய வழி; ஆங்கிலச் சொற்களுக்கு ஏற்ற வழியுமாகும்.

‘ஒவ்வொன்றாக’ என்றோம். அச்சொல்லிலேதான் இடர் கிடக்கின்றது. கணினிக்கு ஓர் எழுத்தென்பது யாது? நன்னூல் கற்கும் மாணவனை அழைத்துப் ‘பொன்விழா’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என வினவின், பொ, ன், வி, ழா என நான்கு என்பான். ஒருங்குறி முறையிலோ அச்சொல் எட்டுக் குறியீடுகளாற் சேமிக்கப்படுகின்றது. பகரம் ஒன்று, ஒகரக்குறி ஒன்று, னகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இவ்வாறு செல்லும். நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் பயின்றுவரும் பாமினி எழுத்துருவில் அமைத்தாலோ ஒன்பதாகும். அதிலே கொம்பு தனி, பகரம் தனி, கால் தனி. மாணவன் நான்கென்று எண்ணியதைப் பொறி எட்டென்றும் ஒன்பதென்றும் எண்ணுகின்றது. நேர்கோட்டில் எழுதும்வரை இவ்வேறுபாடு வெளித்தோன்றுவதில்லை. ஈயவச்சுக் காலத்திலும் கொம்பும் காலும் தனித்தனி அச்சுக்களாகவே பெட்டியிற் கிடந்தன. அச்சுக் கோப்போன் அவற்றை நெருக்கி நிறுத்தியமையால் வாசிப்போன் பிரிவை அறிந்திலன். வளைகோட்டில் ஏற்றியவுடன் கொம்பு ஒரு கோணத்திற் சாயும், மெய் வேறொரு கோணத்திற் சாயும், புள்ளி தன் எழுத்தின் தலையைவிட்டு நழுவும். இனி எழுத்தெழுத்தாகத் தோன்றி மறையுமாறு இயக்கினாலோ, கொம்பு மட்டும் முன்னே வந்து தனியே நிற்க, மெய் பின்னே வந்து சேரும். பாமினியில் அமைத்த சொல்லுக்கு இக்கேடு தப்பாது. ஒருங்குறியில் அமைத்ததற்கு, தென்னாசிய எழுத்துக்களை இணைத்துக் காட்டும் அமைப்பு இல்லாத பழைய பதிப்புக்களில் இக்கேடு நேரும். புதிய பதிப்புக்களிலும் பாராது நம்புதல் தகாது.

இக்கேடு எங்கே பெரிதும் தாக்குமென நோக்குவார்க்கு ஒரு வியப்புண்டு. வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா என்னும் மூன்று சொற்களையும் எழுதிப் பாருங்கள். மூன்றிற்கும் முதலெழுத்து, மெய்க்கு முன்னே குறிபெற்று நிற்கும் எழுத்தாகும். ஆகவே எந்த விழாவாயினும் அதன் பெயரின் முதலெழுத்தே உடைந்து திரையிற் சுழலும். கணினியை இயக்கும் இளைஞர் பலர் அதனைக் கண்டும் காண்பதில்லை. காணும் முதியோர் கணினியின் குற்றமென்று அமைந்துவிடுகின்றனர். துண்டுப்பிரசுரத்திற் பிழையொன்று கண்டால் மறுபடியும் அச்சிடச் செய்யும் நாம், பத்து முழத் திரையில் உடைந்த எழுத்தைப் பொறுத்தல் எற்றுக்கு?

எழுத்தை வட்டத்தில் அமைத்தல் நம் முன்னோர்க்கும் கைவந்ததே. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுட் சக்கரம் என்பதும் ஒன்று. நான்காரை, ஆறாரை, எட்டாரை என அது விரியும். அங்கே அறைக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யாயின் கொம்பும் மெய்யும் காலுமாகிய முழுவெழுத்தும் ஓரறையிலே அடங்கும். புலவன் கொண்ட அவ்வலகையே கணினியும் கொள்ளுமாறு செய்தல் எவ்வாறு என்பதே இனி நாம் காண்பது.

இரண்டாம் வழி உருளைவழி. பால்மாப் பேணியொன்றைக் கையில் எடுத்து நோக்குக. அதனைச் சுற்றி ஒட்டிய கடதாசியில் எழுத்துக்கள் முன்னரே நேர்கோட்டில் அச்சாகியுள்ளன. பேணியைத் திருப்புந்தோறும் அவை விளிம்பில் ஒடுங்கி, பின்னே மறைந்து, மறுபுறம் தோன்றும். எனினும் கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமுமாகப் பிரிவதில்லை. கடதாசி முழுவதும் ஒரு படமாகிவிட்டமையே காரணம். மென்பொருளிலும் அதுவே செய்தல் வேண்டும். சொற்களை நீண்டதொரு பட்டையில் நேராக எழுதி, வடிவம் சரியென்று கண்டபின், பட்டை முழுவதையும் ஒரே படமாகக் கட்டி, ‘சீசீ சிலிண்டர்’ என்னும் கருவியால் உருளையாக வளைக்க வேண்டும். அதன் பின்னர்ச் சுழல்வது எழுத்தன்று, பட்டை. எழுத்து உடைய வழியேயில்லை. விளிம்பை அணுகுந்தோறும் எழுத்து ஒடுங்குதலும், நடுவில் விரைந்தும் ஓரத்தில் மெல்லவும் செல்வதுபோலத் தோன்றுதலும் இம்முறையில் தாமே அமையும். கோட்டுவழியில் நீள்வட்டம் வரைந்து சீரான வேகத்தில் ஓட்டுவார்க்கு இத்தோற்றம் கிட்டாமையால், எழுத்து படத்தைச் சுற்றாது தட்டையாக ஊர்வதுபோலிருக்கும். இவ்வொரு காரணத்துக்காகவேனும் உருளைவழியே சிறந்ததென்பது எம் கருத்து.

எழுத்துப் படத்துக்கு முன்னும் பின்னும் செல்லுமாறு காட்டுதல் எங்ஙனம்? உருளையாக்கிய பட்டையை இரண்டாகப் படியெடுத்து, ‘ரெண்டர்’ என்னுமிடத்தில் ஒன்றுக்கு வெளிப்புறத்தையும் மற்றொன்றுக்கு உட்புறத்தையும் தெரிக. உட்புறத்தைக் கீழேயும், இலச்சினையை நடுவேயும், வெளிப்புறத்தை மேலேயும் அடுக்குக. இவ்வளவே. பின்னே செல்லும் எழுத்துக்கள் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாறித் தோன்றும். ஆதலின் அவற்றின் ஒளியைக் குறைத்து நிழல்போல ஆக்குதல் நன்று.

பட்டையின் நீளத்தைக் கணக்கிட்டே கொள்ளல் வேண்டும். இலச்சினை 400 படப்புள்ளி அகலமாயின், உருளைக்கு 500 விட்டம் கொள்ளலாம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1571. ஒருநேரத்தில் வாசிக்கத்தக்கவாறு எதிர்நிற்பது அதில் மூன்றிலொரு பங்கே, அதாவது 524 அளவு. அதனுள் அடங்காத நெடுஞ்சொல்லை எவரும் ஒருமிக்க வாசித்தல் அரிது.

எத்திசையிற் சுழற்றுவது என்பது பலர் எண்ணாத செய்தி. தமிழ் இடமிருந்து வலமாக வாசிக்கப்படுவது. வாசிப்போன் கண்முன் முதலெழுத்து முதலில் வந்து செல்லவேண்டுமாயின், சொல் வலமிருந்து இடமாக நகர்தல் வேண்டும். மாறிச் சுழற்றினால் ‘ழா’ முதலில் வந்து ‘பொ’ கடைசியில் வரும். நேரான திசையிற் செல்லும் அவ்வுருளையை மேலிருந்து நோக்குவதாகக் கொண்டால் அது கடிகார முள் செல்லும் திசையிலேயே செல்லும். படம் எப்பொழுதும் எழுத்தின் வலப்பக்கத்தே இருக்கும். கோயில் வீதியில் நாம் மூர்த்தியை வலம்வருதலும் இவ்வாறே. அரபு மொழியை இப்படி அமைப்போர் மறுதிசையைக் கொள்ளவேண்டும். நாணயம்போலத் தட்டையான வட்டத்தில், எழுத்தின் அடி நடுவை நோக்க அமைத்துச் சுழற்றுவார்க்கோ இடஞ்சுழியே வாசிப்புக்கு ஏற்றது. உலகவுருண்டையை நடுவில் வைப்போர் இன்னுமொன்று கவனிக்க: உருண்டை மேற்கிலிருந்து கிழக்காக, நம் கண்ணுக்கு இடமிருந்து வலமாகச் சுழலும், எழுத்து அதற்கு எதிராகச் செல்லும்.

வேகத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். செக்கனுக்கு 25 படங்கள் எனக் கொண்டு, ஒரு சுற்றுக்கு 12 செக்கன் விடுத்தால் 300 படங்களாகும், படமொன்றுக்கு 1.2 பாகை திரும்பும். இடையறாது சுழலவேண்டுமாயின் கடைசிப் படம் 358.8 பாகையில் நிற்றல் வேண்டும். 360 இல் நிறுத்தினால் அது தொடக்கப் படமேயாதலின், ஒரே நிலை இருமுறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் எழுத்து ஒருகணம் தடுக்கிச் செல்லும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தணிக்கும் வசதியை இங்கே விலக்குக.

பணமின்றிச் செய்ய விரும்புவோர், இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளிற் சொல்லை எழுதி, ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ என்னும் கட்டளையால் எழுத்தை வரைவடிவாக்கி, அவ்வடிவத்தை அசைவுப்பட மென்பொருளுக்குக் கொண்டுசெல்லலாம். ஒரு கணினியில் ஆக்கியதை வேறொரு கணினியில் ஓட்டவேண்டியபோதும் இம்முறை கைகொடுக்கும். எழுத்துரு அங்கே இல்லாவிடின், பாமினியிற் பொறித்த பொன்விழா ஆங்கில எழுத்துக் குவியலாகத் திரையில் வந்து நிற்கும். வரைவடிவாக்கிய பின்னர் எழுத்துத் திருத்தம் செய்தல் இயலாது. ஆதலின் தமிழறிந்தார் ஒருவர் பட்டையை எழுத்தெழுத்தாக வாசித்து முடித்த பின்னரே அக்கட்டளையைக் கொடுக்க. மூலத்தையும் தனியே சேமித்து வைக்க.